நாலிவுட்: சந்தைக் கடைகளிலிருந்து எழுந்த நைஜீரிய சினிமா

நைஜீரியத் திரைத்துறையைப் பற்றி அண்மை ஆண்டுகளில் வந்த செய்திகளை ஒருசேர வைத்துப் படித்தால், அவை ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தோன்றும். 2023 டிசம்பரில் வெளியான ‘எ ட்ரைப் கால்ட் ஜூடா’ சில வாரங்களிலேயே 100 கோடி நைரா (நைஜீரிய நாணயம்) வசூலைத் தாண்டியது. அந்நாட்டுத் திரையரங்குகளில் அந்த எல்லையைத் தொட்ட முதல் உள்ளூர்ப் படம் அதுதான். அது ஓடிக்கொண்டிருந்த 2024 ஜனவரியிலேயே, ஆப்பிரிக்காவில் இனிப் புதிய படங்களுக்கும் தொடர்களுக்கும் பணம் போடுவதை நிறுத்துவதாக அமேசான் பிரைம் வீடியோ அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம், பணத்துக்காக நரபலி கொடுப்பதைக் கவர்ச்சியாகக் காட்டுவதைத் தடுக்கும் விதிகளைத் தணிக்கை வாரியம் கொண்டுவந்தது. 2025 மே மாதம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் அதிகாரபூர்வத் தேர்வில் முதன்முறையாக ஒரு நைஜீரியப் படம், ‘மை ஃபாதர்ஸ் ஷேடோ’, இடம்பெற்றது.

இந்தத் துறை வளர்கிறதா, நொடிக்கிறதா என்ற கேள்விக்கு இந்தச் செய்திகளை மட்டும் வைத்து விடை காண முடியாது. நாலிவுட்டைப் புரிந்துகொள்ள, அங்கே படம் யாருடைய கை வழியாகப் பார்வையாளரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் ஸ்டூடியோவோ, அரசோ, வங்கியோ சினிமாவைத் தாங்கி நின்றபோது, நைஜீரியாவில் அதைத் தாங்கியவர்கள் கேசட் வியாபாரிகள். அங்கே சொல்லப்பட்ட கதைகளும், ஆப்பிரிக்கா முழுவதும் அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பும், இன்றைய நெருக்கடியும் அந்த ஒரு உண்மையோடு பின்னிக் கிடக்கின்றன.

நாலிவுட் என்பது எது?

நைஜீரியாவின் மக்கள்தொகை 20 கோடிக்கு மேல்; அங்கே பேசப்படும் மொழிகள் 500-ஐத் தாண்டும். 2002-இல் ஓர் அமெரிக்க நாளிதழ்க் கட்டுரை வழியாகப் பரவிய ‘நாலிவுட்’ என்ற பெயர், ஒரே ஊரில் ஒரே கூரையின்கீழ் இயங்கும் துறை என்ற எண்ணத்தைத் தருகிறது. நடைமுறையில் அது குறைந்தது மூன்று தனித்தனி உலகங்களைக் குறிக்கிறது.

1. தென்கிழக்கைச் சேர்ந்த இக்போ வணிகர்கள் பணம் போட்டு, பெரும்பாலும் ஆங்கிலத்திலும், ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்த நைஜீரிய பிட்ஜினிலும் எடுத்த படங்கள். வெளிநாட்டவர் ‘நாலிவுட்’ என்று முதலில் அறிந்தது இவற்றைத்தான். லாகோஸ், எனுகு, அசாபா ஆகிய நகரங்கள் இவற்றின் படப்பிடிப்புக் களங்கள்.

2. தென்மேற்கின் யொரூபா மொழிப் படங்கள். ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்ட குழுக்களிலிருந்து கிளைத்த இவை, தங்களுக்கென்று நடிகர்களையும் சங்கங்களையும் சந்தையையும் கொண்டவை.

3. வடக்கே கானோ நகரை மையமாகக் கொண்ட ஹவுசா மொழிப் படங்கள். ‘கன்னிவுட்’ என்ற பெயர் இவற்றுக்கு 1999-லேயே வழங்கத் தொடங்கிவிட்டது. அதாவது, ‘நாலிவுட்’ என்ற பெயருக்கும் இது மூத்தது.

இவை தவிர எடோ போன்ற மொழிகளிலும் படங்கள் வருகின்றன. யுனெஸ்கோ வெளியிட்ட கணக்கின்படி 2006-இல் இந்தியா 1,091 படங்களையும், நைஜீரியா 872 படங்களையும், அமெரிக்கா 485 படங்களையும் தயாரித்தன. நைஜீரியாவை உலகின் இரண்டாவது பெரிய திரைத்துறை என்று சொல்வது இந்தக் கணக்கிலிருந்து வந்த வழக்கம். இந்த எண்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நைஜீரியாவின் 872 படங்களும் திரையரங்குக்கு வராமல் நேரடியாக வீடியோவில் விற்கப்பட்டவை. அவற்றின் செலவையும் வருமானத்தையும் இந்தியப் படங்களோடு ஒப்பிட முடியாது. அதே கணக்கில், அந்தப் படங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஆங்கிலத்தில் இல்லாமல் உள்ளூர் மொழிகளில் எடுக்கப்பட்டவை என்ற விவரமும் இருந்தது. அது பரவலாகக் கவனிக்கப்படவில்லை.

திரையரங்குகள் மூடப்பட்ட காலம்

நைஜீரியாவில் சினிமா இல்லாமல் இருந்து திடீரென்று வந்துவிடவில்லை. 1903-லேயே லாகோஸின் குளோவர் நினைவு மண்டபத்தில் படம் காட்டப்பட்டது. 1970-களில் எண்ணெய்ப் பணம் பெருகியபோது உள்ளூர்ப் படச்சுருள் சினிமாவும் தழைத்தது. 1940-களிலிருந்து யொரூபா நாடகக் குழு நடத்திய ஹ்யூபர்ட் ஒகுண்டே, 1979-இல் ‘அயே’ என்ற படத்தை எடுத்தார். நாடகத்தில் ஏற்கெனவே பழகிய மந்திரவாதம், நன்மை தீமைப் போராட்டம், பாட்டு, நகைச்சுவை ஆகியவை அப்படியே திரைக்கு வந்தன. குழுவே படப்பெட்டியையும் புரொஜெக்டரையும் ஊர் ஊராகத் தூக்கிச் சென்று காட்டி வசூலித்தது. பெட்டியை இன்னொருவரிடம் கொடுத்தால் கணக்கும் வராது, படமும் திரும்ப வராது என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சம் வீண்போகவில்லை. ‘பாபா சாலா’ என்று மக்கள் கொண்டாடிய நகைச்சுவை நடிகர் மோசஸ் ஒலையா 1982-இல் எடுத்த ‘ஒருன் மூரு’ திருட்டு வீடியோவாக வெளியே கசிந்து, அவரைக் கடனில் தள்ளியது.

படச்சுருள் சினிமாவை முடித்துவைத்தது பொருளாதாரம். எண்ணெய் விலை சரிந்ததைத் தொடர்ந்து, 1986-இல் இப்ராஹிம் பபங்கிடாவின் ராணுவ அரசு ‘கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டத்தை’ ஏற்றது. வெளிநாட்டுக் கடன் சுமையில் இருந்த நாடுகள் அரசுச் செலவைக் குறைத்து, மானியத்தை வெட்டி, நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட வேண்டும் என்று உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் முன்வைத்த திட்டம் இது. 1985-இல் ஒரு டாலருக்கு ஒரு நைராவுக்கும் குறைவாக இருந்த மாற்று விகிதம், 1993-இல் 20 நைராவைத் தாண்டிவிட்டது. கச்சா ஃபிலிமை இறக்குமதி செய்து, வெளிநாட்டு லேப்பில் கழுவி, பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டிய ஒரு தொழிலுக்கு இது தூக்குக் கயிறாக அமைந்தது. அதே காலத்தில் நகரங்களில் இரவு வேளைக் கொள்ளை பெருகியதால், குடும்பங்கள் மாலைக்குப் பிறகு வெளியே போவதைத் தவிர்த்தன. திரையரங்குகள் கிடங்குகளாகவும் பிரார்த்தனைக் கூடங்களாகவும் மாறின.

எஞ்சியிருந்தவை மூன்று. நகர வீடுகளில் ஏற்கெனவே நுழைந்துவிட்ட டிவியும் வீடியோ டெக்கும். அரசுத் தொலைக்காட்சியில் தொடர்கள் எடுத்துப் பழகி, பிறகு வேலையும் சம்பளமும் நிச்சயமில்லாமல் போன தொழில்நுட்பக் கலைஞர்கள். இவற்றோடு, கையில் காலி கேசட்டுகளை வைத்திருந்த வியாபாரிகள். இந்த மூன்றும் 1992-இல் ‘லிவிங் இன் பாண்டேஜ்’ என்ற படத்தில் ஒன்றுசேர்ந்தன.

ஒரு படம் திறந்த வழி

கென்னத் நெபுவே மின்னணுப் பொருட்களும் கேசட்டும் விற்ற இக்போ வணிகர். அதற்கு முன்பே சில யொரூபா வீடியோ படங்களுக்குப் பணம் போட்டுப் பார்த்திருந்தார். காலி கேசட்டில் ஒரு கதையைப் பதிந்து விற்றால் விலை கூடுதலாகக் கிடைக்கும் என்ற வணிகக் கணக்கே அவரைப் படத்துக்கு இழுத்தது என்று அங்கே பரவலாகச் சொல்வார்கள். தொலைக்காட்சியில் அனுபவம் பெற்ற கிறிஸ் ஓபி ராபு, விக் மோர்டி என்ற புனைபெயரில் இயக்கினார். இக்போ மொழியில் எடுத்து, ஆங்கில சப்டைட்டில் சேர்த்தார்கள்.

கதை எளியது. ஆண்டி என்ற இளைஞனுக்கு வேலை நிலைக்கவில்லை. கூடப் படித்தவர்களோ கார்களில் வலம் வருகிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறான். ரகசியக் குழு ஒன்று வழி சொல்கிறது: உனக்கு மிகவும் வேண்டியவரைப் பலி கொடு. தன்மீது உயிரையே வைத்திருக்கும் மனைவி மெரிட்டை அவன் பலி கொடுக்கிறான். பணம் கொட்டுகிறது. புது வீடு, புது மணம் என்று அவன் எங்கு திரும்பினாலும் மெரிட்டின் ஆவி எதிரே வந்து நிற்கிறது. கடைசியில் பித்துப் பிடித்துத் தெருவில் குப்பையைக் கிளறித் தின்னும் நிலைக்கு வருபவனை, ஒரு காலத்தில் பாலியல் தொழில் செய்து பின்னர் மதம் மாறிய பெண் அடையாளம் கண்டு தேவாலயத்துக்குக் கூட்டிச் செல்கிறாள்.

மாதச் சம்பளத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டிருந்த நாட்டில், நேர்மையாக உழைப்பவன் தேய, இன்ன தொழில் என்று சொல்ல முடியாதவன் கொழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு, இது பேய்க்கதையாக மட்டும் படவில்லை. தங்கள் நாட்டுப் பொருளாதாரத்துக்குக் கிடைத்த விளக்கமாகவே அவர்கள் அதைப் பார்த்தார்கள். பின்னாளில் உலக விழாக்களுக்குப் போன பல படங்களைவிட, தரம் குறைந்த கேமராவில் எடுத்த இந்தப் படம் தன் காலத்தை ஆழமாகப் பதிவு செய்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. அதன் விற்பனையைக் கண்ட மற்ற வியாபாரிகள் உடனே களத்தில் இறங்கினார்கள். 1994-இல் நெபுவே ஆங்கிலத்தில் ‘கிளாமர் கேர்ள்ஸ்’ படத்தைக் கொண்டுவந்தபோது, இக்போ பேசும் பகுதியைத் தாண்டி நாடு முழுவதும், பிறகு கண்டம் முழுவதும் சந்தை திறந்தது.

மார்க்கெட்டர்: பணமும் பாதையும் ஒரே கையில்

நைஜீரியத் திரைத்துறையில் ‘மார்க்கெட்டர்’ என்பவர் விளம்பரம் பார்ப்பவர் மட்டுமல்லர். தமிழ் சினிமாவில் ஃபைனான்சியர், தயாரிப்பாளர், விநியோகஸ்தர், கேசட் கடைக்காரர் ஆகிய நால்வர் தனித்தனியே செய்த வேலைகளை அங்கே அவர் ஒருவரே செய்தார். லாகோஸின் இடுமோட்டா, அலாபா, நைஜர் நதிக்கரை ஒனிட்சாவின் இவேகா சாலை, அபா நகரச் சந்தை ஆகிய இடங்களில் இருந்த கடைகள்தான் அவர்களுடைய அலுவலகங்கள்.

இந்த வலைப்பின்னல் சினிமாவுக்காக உருவானதன்று. தென்கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனிநாடாகப் பிரிய முயன்றதால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் எல்லாம் இழந்த இக்போ சமூகம் வணிகத்தின் வழியாகவே மீண்டெழுந்தது. ஊரிலிருந்து வரும் பையன் ஒரு கடைக்காரரிடம் சில ஆண்டுகள் சம்பளமின்றித் தொழில் கற்பான். முடிவில் முதலாளி முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துக் கொடுப்பார். உதிரி பாகங்களும் மின்னணுப் பொருட்களும் ஊருக்கு ஊர் போய்ச் சேர்ந்த அதே பாதையில் படக் கேசட்டுகளும் பயணித்தன. ஒனிட்சாவுக்கு இதில் இன்னும் பழைய மரபு உண்டு. 1940-களின் இறுதியிலிருந்து போர் தொடங்கும் வரை, காதல், பண மோசடி, நகரத்துப் பெண்களிடம் ஏமாறாமலிருக்கும் வழி என்று பலவற்றைச் சொல்லும் மலிவு விலைச் சிறு நூல்கள் அந்தச் சந்தையில் அச்சாகி விற்றன. சென்னையின் குஜிலிக் கடைவீதியில் விற்ற பாட்டுப் புத்தகங்களோடு அவற்றை ஒப்பிடலாம். வீடியோ படங்களின் கதைப் பொருளில் பாதி அந்த நூல்களில் ஏற்கெனவே இருந்தது.

மார்க்கெட்டர் முறையில் ஒரு படம் உருவான விதம் இது:

1. மார்க்கெட்டர் கதையைக் காதால் கேட்டு, இன்ன நட்சத்திரம் இருந்தால் பணம் தருகிறேன் என்பார். வங்கிக் கடன், காப்பீடு எதுவும் கிடையாது. எழுத்து ஒப்பந்தமும் பெரும்பாலும் கிடையாது. ஒரு படத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 10,000 முதல் 25,000 டாலர் வரை.

2. படப்பிடிப்பு பத்து நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரங்களில் முடியும். செட் போடும் வழக்கம் இல்லை. யாருடைய வீட்டையாவது, விடுதியையாவது வாடகைக்கு எடுப்பார்கள். மின்சாரம் நிற்கும்போது ஜெனரேட்டர் ஓடும். அதன் இரைச்சல் வசனத்தோடு சேர்ந்து பதிவாகும்.

3. ஒரு கதையைப் பாகம் 1, பாகம் 2 என்று பிரித்து விற்பார்கள். ஒரே படப்பிடிப்பில் இரண்டு பொருட்கள் கிடைத்துவிடும்.

4. நகல்கள் சந்தைக்கு வந்த முதல் இரண்டு, மூன்று வாரங்களில் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும். அதற்குள் திருட்டு நகல் வந்துவிடும். 2000-களில் கேசட் போய் விசிடி வந்தபோது, ஒரே வட்டில் பல படங்களைத் திணித்த திருட்டு விசிடிகள் அந்தக் கால அளவையும் சுருக்கின.

படங்களில் குறை சொல்லப்படுகிற பலவும், அதாவது நீளும் வசனம், அவசர முடிவு, ஒரே மாதிரியான கதைகள், இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. திரைக்கதையைச் செதுக்க இன்னொரு மாதம் எடுத்துக்கொள்பவருக்கு அந்த மாதச் செலவை ஈடுகட்டும் வழி அந்தச் சந்தையில் இல்லை. மறுபக்கம், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், அரசு மானியம் ஒரு நைராகூட இல்லாமல், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வந்ததும் இதே முறையால்தான். மார்க்கெட்டர்களின் பிடி எவ்வளவு இறுகியிருந்தது என்பதை 2004 காட்டியது. சம்பளம் அதிகம் கேட்கிறார்கள் என்று கூறி, ஜெனிவீவ் நாஜி, ஓமோடோலா ஜலாடே உள்ளிட்ட முன்னணி நடிகர்களை ஒட்டுமொத்தமாகப் படங்களிலிருந்து அவர்கள் விலக்கி வைத்தார்கள்.

பணப்பலிக் கதைகளும் தணிக்கையும்

2024-இன் விதிகளுக்கு இந்தப் பின்னணி தேவை. ‘லிவிங் இன் பாண்டேஜ்’ விற்றதால் அதே கதையை நூறு விதமாக எடுத்தார்கள். அக்கதைகளுக்குக் களம் வெளியிலும் இருந்தது. 1996-இல் ஓவெரி நகரில் ஒரு சிறுவன் பலிக்காகக் கொல்லப்பட்ட செய்தி கலவரமாக வெடித்து, குறுக்கு வழியில் பணக்காரர் ஆனவர்கள் என்று மக்கள் கருதியவர்களின் கட்டடங்கள் தீக்கிரையாயின. அதே காலத்தில் பெருகிய பெந்தெகொஸ்தே சபைகள், தீய ஆவிகளோடு போரிடும் தங்கள் பிரசங்கத்துக்கு வீடியோ படங்களைப் பயன்படுத்தின. குழந்தைகளே சூனியக்காரர்களாக இரவில் கூடுவதைக் காட்டிய 1999-ஆம் ஆண்டுப் படம் ஒன்று, தென்கிழக்கில் குழந்தைகள்மீது சூனியப் பழி சுமத்தி அடித்து விரட்டும் கொடுமைக்குத் தூபம் போட்டது என்று குழந்தை உரிமை அமைப்புகள் கண்டித்தன. அக்வா இபோம் மாநிலம் 2008-இல் அத்தகைய பழி சுமத்தலைச் சட்டப்படி குற்றமாக்கியது.

படம்தான் குற்றத்தை உண்டாக்கியது என்று நிறுவ முடியாது. ஆனால் ஏற்கெனவே இருந்த நம்பிக்கைக்கு முகமும் குரலும் கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது. குழந்தைகள் அடிபட்ட இடத்தில் ‘அது வெறும் கதை’ என்ற வாதம் எடுபடாது. 2024 விதிகளைப் பொறுத்தவரை, அவை நரபலியைக் காட்டவே கூடாது என்கின்றன எனச் சில செய்திகள் எழுதியது குழப்பத்தை உண்டாக்கியது. அந்த விதிகள் குறிவைப்பது பணப்பலியையும் புகையிலையையும் கவர்ச்சிப்படுத்திக் காட்டுவதை. எது கவர்ச்சிப்படுத்தல், எது எச்சரிக்கை என்று தீர்மானிக்கும் அதிகாரம் வாரியத்திடம் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அதே வாரியம்தான், பியாஃப்ரா போரைப் பேசிய ‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’ படத்தின் வெளியீட்டை 2014-இல் சில மாதங்கள் தள்ளிப்போட்டது. இதை நினைவில் வைத்திருப்பவர்கள் புதிய விதிகளைக் கண்டு தயங்குவது நியாயமானதே.

கானோவில் இந்திப் பாட்டு

வடக்கின் கதை வேறு. லெபனான் வம்சாவளித் திரையரங்க உரிமையாளர்கள் 1950-களிலிருந்து இந்திப் படங்களை இறக்குமதி செய்தார்கள். ‘மதர் இந்தியா’ அங்கே பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப ஓடியது. மொழி புரியாத ஹவுசா முஸ்லிம்கள் அதில் தங்களைக் கண்டார்கள்: தலையை மூடிய பெண்கள், பெற்றோர் பார்த்த திருமணத்துக்கும் காதலுக்கும் இடையே தவிக்கும் பிள்ளைகள், கூட்டுக் குடும்பம், முத்தமிடாத காதலர்கள். ஹாலிவுட்டில் கிடைக்காத ஒரு நவீன வாழ்க்கை இந்திப் படத்தில் கிடைத்தது. இந்திப் படப் பாடல்களின் மெட்டில் நபிகளைப் போற்றும் வரிகளை எழுதி, பந்திரி என்னும் பறையை அடித்துப் பாடும் குழுக்கள்கூட கானோவில் உருவாயின.

1990-இல் வெளிவந்த ‘துர்மின் தன்யா’வோடு ஹவுசா வீடியோ படம் தொடங்கியபோது, ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று ஆடிப்பாடும் காட்சி அதன் அடையாளமாயிற்று. பெண்கள் பலர் எழுதிய காதல் நாவல்கள் கானோ சந்தையில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தன. கதைகள் அங்கிருந்து வந்தன. 2000-இல் கானோ மாநிலம் ஷரியா சட்டத்தை ஏற்றபோது முதல் அடி இந்த ஆடல் பாடலுக்கு விழுந்தது. படத் தயாரிப்பு சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. மாநிலம் தனக்கென்று தணிக்கை வாரியம் அமைத்தது. 2007-இல் ஒரு நடிகையின் அந்தரங்க வீடியோ கசிந்ததைக் காரணம் காட்டி மீண்டும் பல மாதத் தடை வந்தது. 2016-இல் மத்திய அரசு கானோ அருகே அறிவித்த திரைப்பட நகரத் திட்டம் மத குருமார்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் ஹவுசாப் படம் நிற்கவில்லை. எல்லை தாண்டி நைஜர், கேமரூன், சாட் நாடுகளின் ஹவுசா மக்களிடமும் அது போய்ச் சேர்கிறது.

ஆப்பிரிக்கா தன்னைத் திரையில் பார்த்தது

நாலிவுட்டுக்கு முன்பு ‘ஆப்பிரிக்க சினிமா’ என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு மொழி நாடுகளின் கலைப்படங்களே நினைவுக்கு வந்தன. பிரான்ஸின் நிதியுதவியில் படச்சுருளில் எடுக்கப்பட்டு, புர்க்கினா ஃபாசோவில் 1969 முதல் நடக்கும் ஃபெஸ்பாக்கோ விழாவிலும் ஐரோப்பாவிலும் பாராட்டப்பட்ட அப்படங்களில் பல மகத்தானவை. ஆனால் எந்த மக்களைப் பற்றி எடுக்கப்பட்டனவோ, அந்த மக்களுக்கு அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. 2015 வரை ஃபெஸ்பாக்கோவின் முதன்மைப் போட்டிக்குப் படச்சுருள் கட்டாயமாக இருந்ததால், நைஜீரிய வீடியோ படங்கள் வாசலிலேயே நின்றன.

அதே காலத்தில் அக்ராவிலும் நைரோபியிலும் லுசாக்காவிலும் வீடுகளில் ஓடியது நைஜீரியப் படம். காங்கோவின் தலைநகரான கின்ஷாசாவின் தொலைக்காட்சியில் ஒருவர் உட்கார்ந்து, ஓடும் படத்தின் வசனத்தை அங்கே பேசப்படும் லிங்காலா மொழியில் சொல்லிக்கொண்டே போனார். 2003-இல் தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எம்-நெட் தொடங்கிய ‘ஆப்பிரிக்கா மேஜிக்’ சேனல் இந்தப் படங்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்டம் முழுவதும் கொண்டுபோனது. கரீபியத் தீவுகளிலும் அவற்றுக்கு ரசிகர்கள் உண்டானார்கள். இணையத்தில் உலகமெங்கும் மீம்களில் வரும், சிறுவர்களைப் போலத் தோன்றும் அந்த இரு நடிகர்கள் சினேடு இகெடியேசேயும் ஒசிட்டா இஹேமேயும்; அந்த முகபாவங்களுக்கு வழிகாட்டியது 2002-ஆம் ஆண்டின் ‘அகி ந உக்வா’.

இந்தப் படங்களில் வெள்ளைக்காரர் இல்லை, அல்லது ஓரத்தில் இருக்கிறார். மாமியார் கொடுமை, சொத்துத் தகராறு, கிராமத்து அரசனின் நீதி, நகரத்துக்குப் போய்க் கெட்ட மகன் என்று பிரச்சினைகளும் உள்ளூர், தீர்ப்பவர்களும் உள்ளூர். அரை நூற்றாண்டாகப் பிறர் எடுத்த படங்களில் பஞ்சமும் போருமாக மட்டுமே காட்டப்பட்ட மக்களுக்கு, மாளிகையும் குளிர்சாதனக் காரும் அழுகையும் சிரிப்புமாகத் தங்களைப் போன்றவர்களைத் திரையில் பார்ப்பது பெரிய விஷயம். ஒளிப்பதிவின் தரத்தை மட்டும் வைத்து நாலிவுட்டை எடைபோடும் விமர்சனம் இந்த இடத்தைத் தவறவிடுகிறது. எதிர்க்குரல்களும் இருந்தன, நைஜீரியப் படங்கள் தங்கள் தொழிலை விழுங்குகின்றன என்று கானா நாட்டுக் கலைஞர்கள் முறையிட்டதுண்டு.

உள்நாட்டிலும் இத்துறை கண்ணுக்குத் தெரிய நீண்ட காலம் ஆயிற்று. 2014-இல் நைஜீரியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றியபோதுதான், திரைப்படமும் இசையும் சேர்ந்த துறை பொருளாதாரத்தில் சுமார் 1.4 சதவீதம் என்று பதிவாயிற்று. அந்த மாற்றத்தால் தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய பொருளாதாரமாக நைஜீரியா அறிவிக்கப்பட்டது.

மல்டிபிளெக்ஸும் ஓடிடியும்

2004-இல் லாகோஸின் விக்டோரியா தீவில் சில்வர்பேர்டு வளாகம் திறந்ததிலிருந்து திரையரங்கு மீண்டும் வந்தது. 2009-இல் குன்லே அஃபோலயன் எடுத்த ‘தி ஃபிகரின்’ போன்ற படங்களோடு, கூடுதல் செலவும் உழைப்பும் கொண்ட ‘நியூ நாலிவுட்’ அலை தொடங்கியது. 2016 டிசம்பரில் வெளிவந்த ‘தி வெட்டிங் பார்ட்டி’ 45 கோடி நைரா வசூலித்தது. 2018-இல் ஜெனிவீவ் நாஜி இயக்கி நடித்த ‘லயன்ஹார்ட்’ படத்தை நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. மார்க்கெட்டர்கள் விலக்கி வைத்த அதே நடிகை அவர்களைத் தாண்டி உலகச் சந்தையை அடைந்தார். 2019-இல் நைஜீரியா முதன்முறையாக ஆஸ்கருக்கு அனுப்பிய படமும் அதுவே. இக்போ வசனம் சுமார் 11 நிமிடங்களே வருவதால், பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும் படம் சர்வதேசப் பிரிவுக்குத் தகுதியற்றது என்று அகாடமி நிராகரித்தது. காலனியாட்சி திணித்த மொழியே பல மொழி பேசும் மக்களின் பொதுமொழியாகிவிட்ட நாட்டுக்கு அந்த விதி பொருந்தவில்லை என்ற கண்டனம் நியாயமானது.

மல்டிபிளெக்ஸ் பாதைக்கு ஓர் எல்லை உண்டு. 20 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குத் திரையரங்க வளாகங்கள் நூறு என்ற அளவை ஒட்டியே இருக்கின்றன. டிக்கெட் சில ஆயிரம் நைரா. 2024 ஜூலை வரை மாதக் குறைந்தபட்ச ஊதியம் 30,000 நைராவாக இருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 கோடி நைரா என்ற சாதனை வசூலும் அன்றைய விகிதத்தில் சுமார் 10 லட்சம் டாலர்தான். 2023 ஜூனில் நைராவின் மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டதும், டாலருக்கு 500-க்கும் குறைவாக இருந்த அது 2024-இல் 1,500-ஐத் தாண்டியது. நைஜீரியச் சந்தாதாரர் செலுத்தும் நைராவை டாலரில் கணக்கிடும் பன்னாட்டு நிறுவனத்துக்கு, அந்தச் சந்தை ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அமேசான் உலகளவில் செலவைக் குறைத்த நேரமும் அதுவே. படங்கள் மோசமானதால் விலகியதாகக் கொள்ள வேண்டியதில்லை.

யூடியூபுக்குத் திரும்பிய வழி

ஓடிடி பணம் வற்றியதும் நடிகர்களும் தயாரிப்பாளர்களும் கூட்டம் கூட்டமாகச் சொந்த யூடியூப் சேனல்களுக்கு நகர்ந்தார்கள். 2025 மார்ச்சில் ஓமோனி ஓபோலி தன் சேனலில் வெளியிட்ட ‘லவ் இன் எவ்ரி வேர்ட்’ சில வாரங்களில் இரண்டு கோடிப் பார்வைகளை எட்டியது. சிறிய பட்ஜெட், குறைந்த நாட்கள், ஒரே வீட்டில் படப்பிடிப்பு, வாராவாரம் புதுப்படம் என்று பழைய கேசட் காலத்தின் கணக்கு திரும்பியிருக்கிறது. வேறுபாடுகள் இவை:

1. முன்பு மார்க்கெட்டர் கையில் இருந்த உரிமை இப்போது சேனலை நடத்தும் நடிகரிடமோ இயக்குநரிடமோ இருக்கிறது. அந்த உரிமையாளர்களில் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

2. விளம்பர வருமானம் பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்து மாறுகிறது. லண்டனிலிருந்தோ ஹூஸ்டனிலிருந்தோ வரும் ஒரு பார்வை, கானோவிலிருந்து வரும் பல பார்வைகளுக்குச் சமம். எனவே வசதியான வீட்டுக்குள் நடக்கும் ஆங்கிலக் காதல் கதைகள் பெருகுகின்றன. கிராமத்துக் கதைகளுக்கும் சிறிய மொழிகளுக்கும் இடம் குறைகிறது.

3. வெளிநாடுகளில் யொரூபா பேசுவோர் பெருமளவில் இருப்பதால், அந்த மொழிப் படங்கள் இந்த மாற்றத்தில் தாக்குப்பிடிக்கின்றன. முதல் பெரிய நைஜீரிய வீடியோ வெற்றி இக்போ மொழியில் வந்திருந்தும், அம்மொழிப் படங்கள் அந்த அளவுக்குத் தழைக்கவில்லை.

4. திருட்டு நகலின் வடிவமும் மாறியிருக்கிறது. படத்தை அப்படியே வேறு பெயரில் ஏற்றும் சேனல்கள் மீது புகார் கொடுத்து நீக்கச் செய்வது இன்று தயாரிப்பாளரின் அன்றாட வேலைகளில் ஒன்று.

‘மை ஃபாதர்ஸ் ஷேடோ’ இந்த வரிசையில் சேராது. 1993 அதிபர் தேர்தலை ராணுவ அரசு ரத்து செய்த நாளில் லாகோஸில் நடக்கும் கதை அது; நடிகர்களும் தெருக்களும் நைஜீரியாவைச் சேர்ந்தவை. ஆனால் அதற்குப் பின்னால் நின்ற நிதியில் பிரிட்டனின் பொது நிறுவனங்களுக்குப் பங்குண்டு. அத்தகைய நிதியை உள்நாட்டிலேயே திரட்டும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2010-இல் அதிபர் குட்லக் ஜொனாதன் 20 கோடி டாலர் கடன் நிதியையும், 2013-இல் 300 கோடி நைரா மானியத் திட்டத்தையும் அறிவித்தார். வங்கிக்கு ஈடு காட்டச் சொத்தும் முறையான விநியோகக் கணக்கும் இல்லாத தயாரிப்பாளர்களால் அந்தக் கடன் நிதியில் பெரும்பகுதியைத் தொட முடியவில்லை. ஒரு படம் எங்கே, எத்தனை பேரிடம், என்ன விலைக்கு விற்றது என்று நம்பத்தக்க பதிவு இருந்தால்தான் அடுத்த படத்துக்கு வங்கி கடன் கொடுக்கும். சந்தைக் கடைகளில் அந்தப் பதிவு இருந்ததில்லை. திரையரங்குகளில் இப்போது இருக்கிறது. யூடியூபில் அது ஒவ்வொரு சேனலின் கணக்குக்குள்ளும் தனித்தனியே பூட்டிக் கிடக்கிறது.